84 சதவீதமா, 98 சதவீதமா: ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி?

கேள்வி: 2025 மே 9, காலை

மகன் ஐந்தாம் வகுப்பு முடித்திருக்கிறான். ஜூனில் ஆறாம் வகுப்பு. எங்கள் ஊரில் இரண்டு பள்ளிகள்: ஒன்று அரசு மேல்நிலைப் பள்ளி, மற்றொன்று அரசு உதவி பெறும் பள்ளி. பத்தாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு 84 சதவீதத் தேர்ச்சி, உதவி பெறும் பள்ளிக்கு 98. வீட்டில் எல்லோரும் 98 பக்கம் நிற்கிறார்கள். அரசுப் பள்ளி நடக்கும் தூரம், மற்றது பஸ்ஸில் 40 நிமிடம். சதவீதத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கலாமா? வேறு எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: மே 9, மாலை

எடுக்கக் கூடாது. 98 என்பது எத்தனை பேரில் 98 என்று கேளுங்கள். தேர்வு எழுதியவர்களில்தானே? எழுத விடப்படாதவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

நேற்று வந்த பிளஸ் டூ முடிவையே பாருங்கள். மாநிலத் தேர்ச்சி 95.03 சதவீதம், அரசுப் பள்ளிகளுக்கு 91.94. மூன்று புள்ளி இடைவெளி. இந்த மூன்று புள்ளியை வைத்துக்கொண்டு ஊர் முழுக்க பிளக்ஸ் கட்டுகிறார்கள்.

மே 9, இரவு

சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போனது புரியவில்லை என்று இருவர் கேட்கிறார்கள். எங்கள் ஊர்க் கணக்கையே சொல்கிறேன். இங்கேயும் 98 சதவீதம் என்று பெருமை பேசிய ஓர் உதவி பெறும் பள்ளி இருக்கிறது. அந்த ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் 51, தேர்ச்சி பெற்றவர்கள் 50. சரி. அதற்கு முந்தைய ஆண்டு அதே பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது வருகைப் பதிவேட்டில் 62 பெயர்கள். பதினோரு பேர் எங்கே? 62ல் 50 என்றால் 81 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் பெற்றோரைக் கூப்பிட்டு, "பத்தாம் வகுப்பு சிரமமாக இருக்கும், வேறு பள்ளி பாருங்கள்" என்று பக்குவமாகச் சொல்லி டி.சி. கொடுத்துவிடுவார்கள். எழுத்தில் எதுவும் இருக்காது. பெற்றோரே விரும்பி வாங்கிக்கொண்டதாகத்தான் பதிவாகும்.

ஆகவே முதல் கேள்வி இதுதான்: போன ஆண்டு ஒன்பதில் எத்தனை பேர், இந்த ஆண்டு பத்தில் தேர்வு எழுதியது எத்தனை பேர்?

மே 10

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னைத் திருத்தியிருக்கிறார். அவர் சொல்வது நியாயம். ஒன்பதிலிருந்து பத்துக்கு வராத எல்லோரையும் பள்ளி விரட்டியதாகச் சொல்லிவிட முடியாது. திருப்பூருக்கு வேலைக்குப் போகும் குடும்பங்கள் உண்டு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சியை வைத்தே ஐ.டி.ஐ.யில் சில பிரிவுகளில் சேர்ந்துவிடும் பையன்கள் உண்டு. பெண் பிள்ளைகள் ஏன் நின்றுவிடுகிறார்கள் என்று அவர் எழுதியிருப்பதைத் திரும்ப எழுத எனக்கு மனமில்லை.

எங்கள் ஊர்ப் பதினோரு பேரில் இரண்டு பேர் குடும்பத்தோடு திருப்பூர் போனார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நேற்று பதினொன்று என்று எழுதினேன். ஒன்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மே 10, மதியம்

"இந்த எண்ணிக்கையைப் பள்ளியில் கேட்டால் சொல்வார்களா?" சொல்ல மாட்டார்கள், அல்லது வேறு ஏதோ சொல்வார்கள். யூடைஸ் என்ற மத்திய அரசின் பள்ளித் தகவல் தளம் இருக்கிறது. ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண். அந்த எண்ணைக் கொடுத்தால் பள்ளியின் அறிக்கை அட்டை வரும்: வகுப்புவாரி மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, வகுப்பறை, கழிப்பறை எல்லாம். ஓர் ஆண்டின் ஒன்பதாம் வகுப்பையும் அடுத்த ஆண்டின் பத்தாம் வகுப்பையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

உடனே தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுகிறேன் என்று கிளம்பாதீர்கள். பத்து ரூபாய்தான் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும், எல்லாம் சரி. ஆனால் சேர்க்கைக்கு முன்பே "மனுப் போட்டவர் மகன்" என்ற பெயரோடு பிள்ளை ஆறாம் வகுப்புக்குள் நுழைய வேண்டுமா?

மே 12

பிள்ளைக்குப் பாடம் நடத்த ஆள் இருக்கிறாரா? இதைக் கேட்காமல் ஆய்வகம், ஸ்மார்ட் வகுப்பறை என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பத்து வரை பட்டதாரி ஆசிரியர்கள், பதினொன்று பன்னிரண்டுக்கு முதுகலை ஆசிரியர்கள். ஒரு பணியிடம் காலியானால் நிரம்ப எத்தனை மாதம் ஆகும் என்பது அந்தந்தப் பள்ளியின் ஜாதகம். இடையில் பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் தொகுப்பூதியத்தில் ஒருவரைப் போடுவார்கள். அவரும் நல்ல வேலை கிடைத்ததும் போய்விடுவார். இன்னொரு வகை உண்டு: பதிவேட்டில் ஆசிரியர் இருப்பார், ஆள் மாற்றுப் பணியில் வேறு அலுவலகத்தில் இருப்பார்.

"ஆசிரியர் பற்றாக்குறை உண்டா?" என்று தலைமையாசிரியரிடம் கேட்காதீர்கள். இல்லை என்றுதான் பதில் வரும். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பிடித்து, "உனக்குக் கணக்கு யார் எடுக்கிறார்கள்?" என்று கேளுங்கள். பெயரைப் பட்டென்று சொன்னால் நல்லது. "எந்த சார்? முன்பு இருந்தவரா, இப்போது வருகிறவரா?" என்று திருப்பிக் கேட்டால் அதுவும் பதில்தான்.

பிளஸ் டூ வரை அங்கேயே படிக்க வைக்கும் எண்ணம் இருந்தால் எந்தெந்தப் பிரிவுகள் உண்டு என்று இப்போதே கேளுங்கள். அறிவியல் பிரிவு இருக்கிறது என்பார்கள். இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தனித்தனி முதுகலை ஆசிரியர் இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

மே 12, இரவு

யாரோ என்னை ஆசிரியர் விரோதி என்கிறார். என் மாமியார் ஆசிரியை. பதில் சொல்லியாகிவிட்டது.

மே 13

நான்கு நாட்களாகச் சுற்றி வளைக்கிறேன். சொல்லிவிடுகிறேன். அந்த ஒன்பது பேரில் ஒருத்தி என் மகள்.

ஆறாம் வகுப்பில் அந்த உதவி பெறும் பள்ளியில் சேர்த்தோம். காரணம் உங்கள் வீட்டில் சொல்வதேதான்: சதவீதம். எட்டாம் வகுப்பு முழுவதும் கொரோனா, கைப்பேசியில் போய்விட்டது. ஒன்பதாம் வகுப்புக்கு 2021 செப்டம்பரில் பள்ளி திறந்தபோது அவளுக்குப் பின்னமே தடுமாறியது. பள்ளியில் அவளைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்லித்தர யாருக்கும் நேரமில்லை. 2022 கோடையில் கூப்பிட்டார்கள். தேநீர்கூடக் கொடுத்தார்கள். வெளியே வரும்போது என் கையில் டி.சி. விண்ணப்பம், அதில் என் கையெழுத்து. இன்றுவரை நான் எப்படி அதில் கையெழுத்துப் போட்டேன் என்று என் கணவர் கேட்கிறார். அவரும் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார்.

பத்தாம் வகுப்புக்கு அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி. இங்கே எல்லாம் சிறப்பாக இருந்தது என்று எழுத ஆசைதான். கணித ஆசிரியர் பணியிடம் காலாண்டுத் தேர்வு வரை காலி. அதுவரை அறிவியல் ஆசிரியையே கணக்கும் எடுத்தார். நான் தினமும் புலம்பினேன். ஆனால் அந்த ஆசிரியை காலாண்டு விடைத்தாளைப் பார்த்துவிட்டுச் செய்த முதல் வேலை, 20க்குக் கீழே எடுத்தவர்களைத் தனியாகப் பிரித்ததுதான். மெல்லக் கற்கும் மாணவர்கள் என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. மாலை ஐந்து மணி வரை அந்தப் பதினெட்டுப் பேரோடு உட்கார்ந்தார். ஐந்தாம் வகுப்புக் கணக்கிலிருந்து தொடங்கினார். ஒருத்தியையும் டி.சி. வாங்கச் சொல்லவில்லை. இரண்டு பேர் தேறவில்லை, பள்ளியின் சதவீதம் அந்த அளவுக்குக் குறைந்தது. என் மகள் கணிதத்தில் 58. இப்போது பிளஸ் டூவில் 600க்கு 471.

மே 13, கொஞ்ச நேரம் கழித்து

அழுகைக் கதை எழுதிவிட்டு முக்கியமானதை விட்டுவிட்டேன். 7.5 சதவீதம்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ல் சட்டமானது. 2021ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களுக்குப் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. நிபந்தனை: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆறு முதல். அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. பெயரில் "அரசு" இருக்கிறதே என்று நானும் நினைத்தேன்.

என் மகள் கடைசி மூன்று ஆண்டுகள் அரசுப் பள்ளி. ஆறு முதல் ஒன்பது வரை உதவி பெறும் பள்ளி. பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தபோது ஆறிலிருந்து எங்கெங்கே படித்தாள் என்று வரிசையாகக் கேட்டது. அவளுடைய தோழிகள் எல்லோரும் அந்தப் பகுதியைச் சிரித்துக்கொண்டே நிரப்பினார்கள். இவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை.

உங்கள் மகன் இப்போது அந்த வாசலில்தான் நிற்கிறான்.

மே 14

விவரம் கேட்டவர்களுக்கு: மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள், வனத்துறைப் பள்ளிகள் எல்லாம் 7.5க்குள் அரசுப் பள்ளிகள்தான். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் உண்டு.

கல்லூரியில் படிக்கும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் வேறு. அது முதலில் அரசுப் பள்ளியில் ஆறு முதல் படித்த பெண்களுக்கு மட்டும் இருந்தது. 2024–25ல் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரித்தார்கள். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டில் தொடங்கியது. ஆகவே 7.5ஐயும் இந்த 1,000 ரூபாயையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நான் குழப்பிக்கொண்டு ஓர் ஆண்டு நிம்மதியாக இருந்தேன்.

தமிழ் வழியா ஆங்கில வழியா என்று ஒருவர் இழுக்கிறார். அதற்குத் தனி இழை போடுங்கள், இங்கே வேண்டாம். ஒன்று மட்டும்: அரசு வேலையில் தமிழ் வழிக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. 2020ல் திருத்தியபிறகு பட்டப்படிப்பு மட்டும் தமிழ் வழியில் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருந்திருக்க வேண்டும்.

மே 15

கழிப்பறை.

இதைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். எங்கள் பள்ளி அறிக்கை அட்டையில் பெண்களுக்கு 14. நான் எண்ணியபோது பூட்டாமல் இருந்தவை ஆறு. மீதி எட்டும் அதிகாரிகள் வரும் நாளில் திறக்கும் என்று மகள் சொன்னாள். மகள் மூன்று ஆண்டுகள் காலையில் தண்ணீர் குடிக்காமல் போனாள். இது ஒரு பள்ளியின் மதிப்பீட்டில் வருமா வராதா?

சேர்க்கை கேட்கப் போகும் நாளில் கழிப்பறை எங்கே என்று கேளுங்கள், உண்மையிலேயே போய்ப் பாருங்கள். குழாயைத் திருகிப் பாருங்கள். உங்கள் மனைவியையும் அழைத்துப் போங்கள், பெண்கள் பக்கம் நீங்கள் போக முடியாது.

உயர் தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கிறது என்று காட்டுவார்கள். விசைப்பலகையில் விரலை வைத்துத் தேயுங்கள். தூசி வந்தால் ஆய்வகம் இல்லை.

மே 16

பத்தாம் வகுப்பு முடிவு வந்துவிட்டது. மாநிலத்துக்கு 93.80. கேள்வி கேட்டவர் தன் ஊர்ப் பள்ளிகளின் எண்களைப் போட்டிருக்கிறார், யூடைஸில் தேடியும் எடுத்திருக்கிறார். மெச்சுகிறேன்.

அரசுப் பள்ளி: ஒன்பதில் 118, தேர்வு எழுதியவர்கள் 114, தேர்ச்சி 96. எழுதியவர்களில் 84 சதவீதம், ஒன்பதில் இருந்தவர்களை வைத்தால் 81.

உதவி பெறும் பள்ளி: ஒன்பதில் 140, எழுதியவர்கள் 127, தேர்ச்சி 125. எழுதியவர்களில் 98, ஒன்பதில் இருந்தவர்களை வைத்தால் 89.

ஆக, நான் எதிர்பார்த்தபடி அந்தப் பள்ளி கவிழவில்லை. 14 புள்ளி வித்தியாசம் எட்டாகச் சுருங்கியது, அவ்வளவுதான். எங்கள் ஊர்க் கோபத்தை உங்கள் ஊர்ப் பள்ளி மேல் கொட்டிவிட்டேன். அங்கே ஒருவேளை நன்றாகவே சொல்லித்தருகிறார்கள்.

ஆனாலும் பதின்மூன்று பேர் எங்கே என்று கேட்காமல் விடாதீர்கள்.

மே 17

தேர்ச்சி என்றால் 35. பிளஸ் டூவில் செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்தில் 15 வாங்கிவிட்டால் மீதி 20ஐச் செய்முறையும் அகமதிப்பீடும் சேர்ந்து தூக்கிவிடும். அப்படித் தேறியவனும் 95 வாங்கியவளும் சதவீதக் கணக்கில் ஒன்றுதான். அதனால் 35க்கும் 45க்கும் இடையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கேளுங்கள். அது முடிந்தால் முதல் மதிப்பெண் யார் என்று கேட்கலாம். மாநில அளவில் முதலிடம் அறிவிப்பதை 2017லேயே நிறுத்திவிட்டார்கள். பள்ளி வாசல் பேனர்களுக்குத்தான் இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

ஜூன் 4

நேற்று முன்தினம் பள்ளி திறந்துவிட்டது. கேள்வி கேட்டவர் இரண்டு பள்ளிக்கும் போய்வந்து நீண்ட அறிக்கை எழுதியிருக்கிறார். அரசுப் பள்ளியில் கணக்குக்கு இரண்டு பட்டதாரி ஆசிரியர்கள், ஒருவர் ஒன்பது ஆண்டுகளாக அங்கேயே. குழாயில் தண்ணீர் வந்தது. ஆய்வகத்தில் தூசி. உதவி பெறும் பள்ளியில் பதின்மூன்று பேரைப் பற்றிக் கேட்டதற்கு, "நீங்கள் பத்திரிகைக்காரரா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"அரசுப் பள்ளித் தலைமையாசிரியை அருமையான மனிதர், அவரைப் பார்த்தே முடிவு செய்துவிட்டேன்" என்று கடைசி வரி. அங்கேதான் எனக்கு இடிக்கிறது. மாறுதல் கலந்தாய்வு வந்தால் அவர் போய்விடலாம். எங்கள் பள்ளியில் மூன்று ஆண்டுகளில் மூன்று தலைமையாசிரியர்கள். அந்த ஒன்பது ஆண்டுக் கணக்கு ஆசிரியரைப் பாருங்கள். அவரும் போகலாம்தான். ஆனால் ஒரு பள்ளியின் பழக்கங்கள் அப்படிப்பட்டவர்களிடம்தான் தங்கியிருக்கும்.

ஜூன் 5

7.5க்காக மட்டும் சேர்க்காதீர்கள் என்றும் எழுத வேண்டியிருக்கிறது. தனிமடலில் நான்கு பேர், "அப்படியானால் டாக்டர் சீட் உறுதியா?" என்று கேட்டார்கள். நூற்றுக்கு ஏழரை இடம், அதுவும் நீட் தேர்வில் தகுதி பெற்றபிறகு, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள்ளேயே போட்டி போட்டு. பொறியியலில்தான் நடுத்தரக் குடும்பத்துக்கு உண்மையான பயன்: நான்கு ஆண்டுக் கட்டணம். அதைத்தான் நான் இப்போது வங்கியில் கடனாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். அது உதவி பெறும் பள்ளிக்கும் உண்டு. அந்தத் தேர்வுக்குப் பள்ளியில் தனிப் பயிற்சி தருகிறார்களா, கடந்த ஆண்டுகளில் எத்தனை பேர் தேறினார்கள் என்று விசாரியுங்கள். பள்ளி தானாக முன்வந்து உழைக்கிறதா என்பது இதில் தெரியும், ஏனென்றால் அதற்கு யாரும் பேனர் கட்டுவதில்லை.

ஆகஸ்ட் 9

நேற்று மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இந்தக் கல்வியாண்டிலிருந்து கிடையாது. இழை உயிர்பெற்றுவிட்டது, எல்லோரும் கொண்டாடுகிறார்கள்.

எனக்கு இரண்டு மனம். 2018ல் அந்தத் தேர்வு வருவதற்கு முன், பல பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்காமலே இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை நடத்தினார்கள் என்பது ஊரறிந்த விஷயம். மறுபடியும் அதே கதையா? ஆனால் என் மகள் பதினாறு வயதில் அந்தத் தேர்வுக்காகத் தூங்காமல் கிடந்ததையும் பார்த்தேன். மேல்நிலை வகுப்பில் பிள்ளைகள் இருப்பவர்கள் பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் வீட்டுக்கு வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 9, இரவு

கடன் கிடைத்ததா என்று கேட்டவருக்கு: கிடைத்தது. மகள் கல்லூரிக்குப் போகத் தயாராகிறாள். புதுமைப்பெண் 1,000 ரூபாய் அவளுக்கு உண்டாம். அதில் முதல் மாதம் எனக்குப் புடவை வாங்கித் தருகிறாளாம். கையெழுத்துப் போட்ட கைக்கு வளையல் கிடையாதாம்.

நவம்பர் 2

கேள்வி கேட்டவர் இத்தனை மாதம் கழித்து வந்திருக்கிறார். மகன் அரசுப் பள்ளியில் சேர்ந்துவிட்டான். காலாண்டில் கணக்கு 71, ஆங்கிலம் 39. ஆங்கில ஆசிரியை மகப்பேறு விடுப்பில், பதிலுக்கு ஆள் வரவில்லை. தவறு செய்துவிட்டேனா என்கிறார்.

தெரியாது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் உறுப்பினராக இல்லாவிட்டாலும் போய் உட்காருங்கள், பெற்றோர்தான் அதில் பெரும்பான்மை. விடுப்புக்குப் பதில் ஆசிரியர் வேண்டும் என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள், வாய்ப்பேச்சாக விடாதீர்கள். நான் அந்தக் கணிதப் பணியிடத்துக்காக மூன்று கூட்டம் பேசினேன், நான்காவதில்தான் ஒருவர் பேனாவை எடுத்தார்.

நவம்பர் 2, மாலை

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். உங்கள் மகன் வகுப்பில் எத்தனை பேர்?

நவம்பர் 3

41. சரி, எங்காவது எழுதி வையுங்கள். அவன் பத்தாம் வகுப்பு எழுதும்போது 2030 ஆகியிருக்கும். அந்த 41 பேரில் எத்தனை பேர் அவனோடு தேர்வறைக்குள் போனார்கள் என்று வந்து சொல்லுங்கள்.